கொம்பு இடம் மாறிய வரலாறு

சிங்கப்பூரில் 'தேக்கா' என்னும் பெயரை அறியாத தமிழர் இலர். மூங்கிற் புதர்களின் அடிவாரம் எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல்லே திரிந்து, சந்தைக்கும் அதைச் சூழ்ந்த வட்டாரத்திற்கும் பெயராயிற்று என்பர். எழுதப் பழகும் சிறுவன் இச்சொல்லை எழுதும்போது முதற்கண் இடுவது இரட்டைக் கொம்பு. அதன் பின்னரே தகரம். ஆயின் அவன் வாய் முதலில் ஒலிப்பது தகர மெய். ஏகாரம் அதனைத் தொடர்ந்து வருவது. கை ஒரு வரிசையிற் செல்ல, வாய் மற்றொரு வரிசையிற் செல்கின்றது. ஏட்டிலும் தாளிலும் எவருக்கும் இடர் செய்யாதிருந்த இவ்வேறுபாடு, கணினியின் வரவுக்குப் பின் பெருஞ்சிக்கலாய் உருவெடுத்தது.

அச்சுக்கூடக் காலத்தில் இவ்வினா எழவே இல்லை. 1887இல் 'சிங்கை நேசன்' வெளிவந்தபோதும், 1935இல் கோ. சாரங்கபாணியார் 'தமிழ் முரசு' தொடங்கியபோதும், அச்சுக்கோப்போர் கையால் எழுதும் வரிசையிலேயே ஈய எழுத்துகளை அடுக்கினர். கொம்பு தனி அச்சு. அது முன்னே நிற்கும், மெய் பின்னே வரும். கண்ணுக்குச் சரியாகத் தோன்றினாற் போதும். ஈயத்திற்கு ஒலி தெரியாது அன்றோ? (குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் கொம்பை வேறுபடுத்தி, அச்சுக்கோப்போர்க்கு இன்னுமோர் அச்சைக் கூட்டிய பெருமை வீரமாமுனிவரைச் சாரும் என்பர்.)

கணினியோ வடிவை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். பழைய முறையில் இருந்த இடங்கள் 256. முதல் 128 இடங்களை ஆங்கிலமும் கட்டளைக் குறிகளும் பிடித்துக்கொண்டன. எஞ்சிய 128இல் தமிழின் 247 எழுத்துகளை அடக்க வேண்டும். கொம்பையும் காலையும் தனித்தனியே வைத்தமையால் அஃது இயன்றது. ஆனால் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மனம்போனபடி இடம் ஒதுக்கினர். ஒருவர் ககரம் வைத்த எண்ணில் மற்றொருவர் மகரத்தை வைத்தார். ஒரு கணினியிற் கவிதையாய் இருந்தது மறு கணினியில் பொருளற்ற குறிகளாயிற்று.

இந்நிலையில் பலர் கண்ட குறுக்குவழி, எழுத்தைப் படமாக்கிவிடுவது. சொற்செயலியில் தட்டெழுதி, அதனைப் படமாய்ப் பிடித்து, 1987 முதல் வழங்கிவரும் 'கிஃப்' வடிவில் அனுப்பினர். எங்கும் ஒரே தோற்றம், எழுத்துரு வேண்டுவதில்லை. விலையோ பெரிது. 600க்கு 800 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் பக்கம், சுருக்குமுன் 60,000 பைட் எடுக்கும். அதே பக்கத்தின் எழுத்துகளுக்கோ ஈராயிரம் பைட்டே போதும். அன்றியும் படத்தில் ஒரு சொல்லைத் தேட இயலாது. ஒற்றுப்பிழை ஒன்று கண்டால் முழுப் பக்கத்தையும் மீண்டும் செய்தல் வேண்டும். ஆசிரியர்க்கு இதனினும் பெருந்துன்பம் உண்டோ?

இச்சிக்கலைத் தீர்க்க முனைந்தோருள் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி முதன்மையானவர். சிறுகதை ஆசிரியர்; தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழ் பின்தங்காமல் உடனேறியதற்கு அவர் உழைப்பே காரணம். தம் முறைக்குக் 'கணியன்' எனப் பெயரிட்டார். 1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியதிலும் அவர் பங்கு பெரிது. 1999இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சலில் வாதிட்டு வகுத்த 'திஸ்கி'யும் அக்காலத்தது. ஒரு குறியீடு வேண்டிக் கூடியவர்கள் மூன்றுடன் திரும்பினர்! அவ்வாண்டு மே மாதமே கோவிந்தசாமி மறைந்தார். மறுஆண்டு சிங்கப்பூரில் கூடிய மாநாட்டின்போது 'உத்தமம்' அமைப்புத் தோன்றியதை அவர் காணவில்லை.

மேற்கூறியவை அனைத்தும் கையின் வரிசையைப் பின்பற்றியவை. கொம்பு முன், மெய் பின். 1991இல் வெளிவந்த ஒருங்குறியோ வாயின் வரிசையைக் கொண்டது. உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் என்று தொல்காப்பியர் கூறிய முறை இதுவே. இந்திய அரசின் பொதுக் குறியீட்டைத் தழுவி வந்தமையால் தமிழறிஞர் சிலர் இதனை ஐயுற்றனர். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் வேண்டும் என்றனர். அவ்வேண்டுகோளில் நியாயம் இல்லாமலில்லை. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அத்தகைய 16 பிட் குறியீடு ஒன்றையும் ஏற்றது. எனினும் உலக வழக்கில் நிலைபெற்றது ஒருங்குறியே.

ஒருங்குறியில் த முன்னும் ஏகாரக் குறி பின்னும் நிற்கும். திரையிற் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவருவது மென்பொருளின் கடமை. 2000ஆம் ஆண்டு 'விண்டோஸ்' இதனைக் கற்றுக்கொண்டு வந்தது. படத்தொகுப்பு மென்பொருள்கள் கற்கவில்லை. சொற்செயலியில் 'தேக்கா' என்று செம்மையாய் நின்ற சொல்லை எடுத்துப் பழைய ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால், கொம்பு தகரத்தை விட்டு அடுத்த ககரத்தின் முன் போய் நிற்கும். 'சிங்கப்பூர்' என்பதில் பகரமும் ஊகாரக் குறியும் ஒட்டாமற் பிரிந்து நிற்கும். தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாய் விளங்கும் நாட்டில், எழுத்துச் சிதைந்த விளம்பரப் பலகைகள் சில தோன்றியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. தமிழறியாத வடிவமைப்பாளருக்குக் கொம்பு எங்கு நின்றால் என்ன! 2012க்குப் பின் வந்த பதிப்புகள் படிப்படியே திருந்தின. ஆயினும் தெற்காசிய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பைத் தெரிவு செய்தாலன்றிச் சில பதிப்புகளில் பழைய கோணலே தோன்றும். அவ்வசதி இல்லாதவர்கள் சொற்செயலிக் கோப்பைப் 'பிடிஎஃப்' ஆக்கி, அதனைப் படத்தொகுப்பில் திறக்கின்றனர். படமாக்கும் பழைய உபாயமே மீண்டும் வந்ததெனலாம்.

1990களில் தட்டெழுதிய பாடக் குறிப்புகளும் கதைகளும் நெகிழ்வட்டுகளில் இன்னும் பலரிடம் உள. திறந்தால் தமிழுக்கு மாறாக ஐரோப்பியக் குறிகள் தோன்றும். அவை அழிந்தன எனக் கருதி எறிந்தோர் பலர். எண்கள் அழியவில்லை; எந்த எழுத்துருவின் எண்கள் என்பதே மறந்துபோயிற்று. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றி மென்பொருள் நொடியில் ஒருங்குறியாக்கித் தரும். தெரியாவிடின், கோப்பில் இருந்தே தீரவேண்டிய ஒரு சொல்லை, எழுதியவர் பெயரையோ பள்ளியின் பெயரையோ, எடுத்துக்கொண்டு, எக்குறி எவ்வெழுத்தாய் வருகின்றது என்று ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.