இஷ்பீலியாவில் எஞ்சியவை

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியிலே, அரபிகள் ‘வாதில் கபீர்’, அதாவது பேராறு, எனப் பெயரிட்ட ஆற்றின் கரையில் அமைந்துள்ளது செவில் நகரம். அரபு வரலாற்று நூல்கள் அதனை இஷ்பீலியா என்று அழைக்கும். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முஸ்லிம்களின் ஆட்சியிலிருந்த அந்நகரை, 1248ஆம் ஆண்டு காஸ்டிலிய மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ கைப்பற்றினார். இன்று அங்கு செல்வோர் தவறாது காண்பவை இரண்டு: பேராலயமும் அதன் அண்மையிலுள்ள அல்காஸர் அரண்மனையும்.

முவஹ்ஹிதுகள் எழுப்பிய ஜாமிஆப் பள்ளிவாசல் நின்ற இடத்திலேயே பேராலயம் நிற்கிறது. வெற்றிக்குப்பின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அப்பள்ளிவாசலே ஆலயமாகப் பயன்பட்டது. 1401இல் புதிய ஆலயம் கட்டத் தீர்மானித்துப் பழையதை இடித்தனர். எனினும் 1198இல் நிறைவுற்ற மினாரா தப்பியது. மேலே மணிக்கூடு ஏற்றப்பெற்று, ‘ஹிரால்டா’ என்னும் பெயரோடு அது விளங்குகிறது. குதிரைமீது அமர்ந்தே ஏறத்தக்க 35 சாய்தளங்கள் அதனுள் உள்ளன. பள்ளியின் பழைய முற்றத்து வாயிற்கதவுகளில் கூஃபி எழுத்தில் திருக்குர்ஆன் வசனங்களை இன்றும் காணலாம். ஆலயத்தினுள் பெர்னாண்டோவின் கல்லறை வாசகம் லத்தீன், காஸ்டிலியம், ஹீப்ரு ஆகியவற்றோடு அரபியிலும் பொறிக்கப்பட்டுள்ளது. வென்றவரின் புகழைச் சொல்லவும் தோற்றவரின் மொழி வேண்டியிருந்தது!

அரண்மனையோ இன்னும் வியப்பூட்டுவது. கிறிஸ்தவ மன்னர் பெத்ரோ, முஸ்லிம் கைவினைஞர்களையும் கொண்டு கட்டிய மாளிகை அது. அதன் முகப்பில் அவர் பெயரும் 1364ஆம் ஆண்டுக்குரிய காலக்குறிப்பும் பொறிக்கப்பட்டிருக்க, நடுவே ‘அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவனுமில்லை’ என்னும் கிரனடா சுல்தான்களின் வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது.

ஏறக்குறைய அதே வேளையில், ஹிஜ்ரி 765இல், கிரனடாவின் தூதராக இப்பெத்ரோவிடம் வந்தார் அறிஞர் இப்னு கல்தூன். இஷ்பீலியா அவருடைய மூதாதையரின் ஊர். தம்மிடமே தங்கிவிட்டால் முன்னோரின் சொத்துகளை மீட்டுத் தருவதாக மன்னர் கூறினார். இப்னு கல்தூன் அதனை ஏற்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1377இல், வட ஆப்பிரிக்காவின் ஒரு கோட்டையில் தனித்திருந்து ‘முகத்திமா’வை எழுதினார். குடும்பம் இழந்த வீடுகள் எங்கே நின்றன என்பதை இன்று காட்டுவாரில்லை. அவர் எழுதிய நூலையோ உலகம் ஓதிக்கொண்டிருக்கிறது.

இஷ்பீலியாவின் சுவர்களைக் காணும் பயணிகளுள் மிகப் பலருக்கு அவ்வெழுத்துகள் வெறும் பூவேலையாகவே தோன்றும். படிப்பார் இல்லாதபோது எழுத்து அலங்காரமாகிவிடுகிறது. மக்தபில் அலிஃப், பே கற்ற நம் பிள்ளைகள் அவற்றைக் கூட்டிப் படிக்க வல்லவர்கள். பொருளையும் உணர்ந்து படிக்கச் செய்வது நம் பொறுப்பு. முன்னோர் கட்டியவற்றைக் காக்க இயலாமற் போகலாம். அவர்கள் கற்றதைக் காக்க எந்நாட்டிலும் இயலும்.