சென்னை வீடுகளில் தண்ணீர்: கிணற்றடி முதல் மழைநீர்த் தொட்டி வரை

சென்னை வற்றாத ஆறு எதுவும் இல்லாமல் வளர்ந்த பெருநகரம் ஆகும். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்றும் மழைக்காலத்தில் மட்டுமே நீர் பெருகும் ஆறுகள். நகரத்துக்குக் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கும் அதையே வைத்துக் காலம் தள்ள வேண்டும். ஆகவே நீரைச் சேர்த்து வைப்பதும், சேர்த்த நீர் கெடாமல் காப்பதும் சென்னை இல்லங்களில் அன்றாட வேலையாகவே இருந்து வந்துள்ளன. அணைகள், ஏரிகள், குழாய்த் திட்டங்கள் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. வீட்டுக்குள் நடந்த மாற்றங்கள் பற்றி எழுதப்பட்டது குறைவு.

கிணறும் கொல்லைப்புறமும்

குழாய் வருவதற்கு முன் பல வீடுகளின் கொல்லையில் அல்லது முற்றத்தில் ஒரு கிணறு இருந்தது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை. அங்கே பெய்யும் மழை விரைவில் மண்ணுக்குள் இறங்கி, உப்பு நீரின் மேல் நல்ல நீராக நிற்கும். சுட்ட மண் உறைகளை அடுக்கிய உறைகிணறுகளில் சில அடி ஆழத்திலேயே நீர் கிடைத்தது. கோயில் குளம் நிறைந்தால் சுற்றுத் தெருக்களின் கிணறுகளிலும் நீர்மட்டம் ஏறும். குளமும் வீட்டுக் கிணறும் ஒரே நிலத்தடி நீரைப் பகிர்ந்துகொள்வதே இதற்குக் காரணம்.

கிணற்று நீரின் தூய்மையைக் காக்கச் சில பழக்கங்கள் இருந்தன. கோடையில் நீர் குறையும்போது ஆளை இறக்கித் தூர் வாருவார்கள். அடியில் நெல்லிக்கட்டையைப் போட்டு வைப்பதும் உண்டு. கலங்கிய நீரைத் தெளிய வைக்கத் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பார்கள். இந்தக் கொட்டையில் உள்ள பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்மண்ணை ஒன்றுசேர்த்துக் கனமாக்கி அடியில் படியச் செய்கின்றன. நீரேற்று நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதுவே. குடிநீரைச் செம்பு அல்லது பித்தளைக் குடத்தில் வைத்து வெள்ளைத் துணியால் வாய் கட்டுவது இன்னொரு வழக்கம். செம்புப் பாத்திரத்தில் ஓர் இரவு வைத்த நீரில் சில வகைப் பாக்டீரியாக்கள் குறைவது பிற்காலத்தில் ஆய்வகச் சோதனைகளிலும் தெரியவந்தது.

இப்பழக்கங்களை முழுமையானவை என்று புகழ்ந்துவிட முடியாது. தேற்றான்கொட்டை நீரைத் தெளிய வைக்கும். காலராக் கிருமியை முற்றிலும் நீக்காது. பார்வைக்குத் தெளிந்த நீர் நல்ல நீர் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

வீட்டில் பயன்படுத்திய நீர் வீணாகாமல் இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அரிசி களைந்த நீர் மாட்டுக்குப் போயிற்று. பாத்திரம் துலக்கிய நீர் வாழைக்கும், குளித்த நீர் தென்னைக்கும் ஓடின. துலக்கச் சாம்பலும் புளியும், குளிக்கச் சீயக்காயும் பயன்பட்டதால் அந்த நீர் மண்ணைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

குழாய் வந்த கதை

ஜார்ஜ் கோட்டைக்கு நீர் வழங்குவதற்காக 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி பெத்தநாயக்கன்பேட்டையில் கிணறுகள் அமைக்கப்பட்டன. ஏழு கிணறு என்னும் ஊர்ப்பகுதியின் பெயர் இதிலிருந்து வந்தது. வள்ளலார் இளமைக் காலத்தில் வாழ்ந்த வீடும் இப்பகுதியில்தான் உள்ளது. ஆனால் இத்திட்டம் கோட்டைக்காக ஏற்பட்டது. நகர மக்கள் தங்கள் கிணறுகளையே நம்பியிருந்தனர்.

பொறியாளர் வில்லியம் ஃப்ரேசர் கொசஸ்தலையாற்று நீரைச் சோழவரம் ஏரிக்கும் செங்குன்றம் (புழல்) ஏரிக்கும் திருப்பி நகருக்குக் கொண்டுவரும் திட்டத்தை 1866-இல் முன்வைத்தார். 1872-இல் செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு நீர் வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் நகருக்குப் பிரிந்தது. வடிகட்டப்படாத ஏரி நீர் அப்படியே வீடுகளுக்கு வந்ததால், துணி வைத்து வடிகட்டுவதும் காய்ச்சுவதும் மக்கள் பொறுப்பாகவே இருந்தன. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளுடன் நீரேற்று நிலையம் திறக்கப்பட்ட பிறகே இந்நிலை மாறியது. பின்னர், மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவடைந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1943-இல் காலமானார்.

குழாய் வந்ததும் கிணற்றின் மதிப்பு குறைந்தது. இது இயல்பானதே. குழாயைத் திறந்தால் நீர் வரும்போது வாளியும் கயிறுமாக யார் இறைப்பார்கள்? பல கிணறுகள் குப்பைக் குழிகளாயின. சில வீடுகளில் பழைய கிணற்றையே கழிவுநீர்க் குழியாக்கினார்கள். நகர நீர் வரலாற்றில் இதைவிடப் பெரிய பிழை வேறு இல்லை எனலாம். ஒரு கிணற்றில் விட்ட கழிவு அத்தெருவின் எல்லாக் கிணறுகளுக்கும் நிலத்தடியில் பரவும். கழிப்பிடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது சுகாதாரப் பாடத்தில் சொல்லப்படும் பொது விதி. அரை கிரவுண்டு மனையில் அதைக் கடைப்பிடிக்க வழியே இல்லை.

அடிபம்பும் குடங்களின் வரிசையும்

மக்கள்தொகை பெருகப் பெருகக் குழாயில் அழுத்தம் குறைந்தது. நீர் நாள் முழுவதும் வராமல் சில மணி நேரம் மட்டும் வரத் தொடங்கியது. அப்போது வீட்டு வாசலில் பள்ளம் தோண்டி, குழாயின் தாழ்ந்த மட்டத்தில் அடிபம்பு பொருத்திக்கொண்டார்கள். விடியற்காலையில் தெரு முழுவதும் கேட்கும் அந்த 'கடக் கடக்' ஓசை 1980களிலும் 1990களிலும் சென்னையில் வாழ்ந்தவர்களுக்கு மறக்காது. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும். பித்தளைக் குடம் போய் எடை குறைந்த பிளாஸ்டிக் குடம் வந்தது ஒருவகையில் அவர்களுக்கு ஆறுதல்.

வசதி உள்ளவர்கள் நிலத்தடித் தொட்டி கட்டி, நீரை அதில் விழவிட்டு மோட்டாரால் மாடித் தொட்டிக்கு ஏற்றினார்கள். இதற்கு 'சம்ப்' என்று பெயர். சிலர் சட்டத்துக்கு மாறாகத் தெருக்குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினார்கள். இதனால் அண்டை வீட்டுக்கு நீர் வராமற்போனது. அதைவிடப் பெரிய தீங்கும் இதில் இருந்தது. குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடும்போது விரிசல் வழியாக நீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சும்போதோ அழுத்தம் தலைகீழாகி, பக்கத்துச் சாக்கடை நீர் விரிசல் வழியாகக் குழாய்க்குள் புகும். நீரேற்று நிலையத்தில் குளோரின் கலந்து அனுப்பிய நல்ல நீர் வீட்டு வாசலில் நாற்றமடிப்பதற்கு இது முக்கியக் காரணம். சம்ப்பின் மூடி சரியாக மூடப்படாமலோ, அதன் சுவர் கழிவுநீர்த் தொட்டியை ஒட்டியோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

1978-இல் சென்னைக் குடிநீர் வாரியம் அமைந்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்கியதால் 1987-இல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நகருக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவுவது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டிருந்தது. கடலோரத்தில் நல்ல நீரை அளவுக்கு மீறி இறைத்தால் அந்த இடத்தைக் கடல்நீர் நிரப்புகிறது. ஒருமுறை உப்பான நிலத்தடி நீர் மீண்டும் நன்னீராகப் பல ஆண்டுகள் ஆகும்.

2003: மழைநீர் வீட்டுக்கு வந்த ஆண்டு

ஆந்திராவின் கிருஷ்ணா நீர் 1996-இல் பூண்டிக்கு வந்தபோதும் பற்றாக்குறை தீரவில்லை. 2003-ஆம் ஆண்டில் ஏரிகள் வறண்டன. மாதக்கணக்கில் குழாய் நீர் நின்று, நகரம் லாரி நீரை நம்பி வாழ்ந்தது. வறண்ட கோயில் குளங்களில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே மழைநீர் சேகரிப்பை வீடு வீடாக எடுத்துச் சொன்னவர் சேகர் ராகவன். இயற்பியல் படித்த இவர் பெசன்ட் நகரில் தம் பகுதியிலிருந்தே இப்பணியைத் தொடங்கினார். தொடக்கத்தில் இவரைக் கேட்டவர் சிலரே. 2002-இல் மழை இல்லம் என்னும் விளக்க மையம் சென்னையில் திறக்கப்பட்டது. ஒரு வீட்டில் குழாய்களை எப்படி இணைப்பது, வடிகட்டியை எப்படி அமைப்பது என்பவற்றை அங்கே மாதிரிகளாகக் காணலாம்.

புதிய கட்டடங்களுக்கு முன்னரே இருந்த விதியைப் பழைய கட்டடங்களுக்கும் விரித்து, 2003 ஜூலையில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. தமிழகம் முழுவதும் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாயிற்று. செய்யாவிட்டால் உள்ளாட்சி அமைப்பே அதைச் செய்து, செலவைச் சொத்து வரிபோல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். சில மாத அவகாசத்தில் தமிழகத் தெருக்களில் பிளம்பர்களுக்கும் பி.வி.சி. குழாய்களுக்கும் ஏற்பட்ட கிராக்கி அதற்கு முன் இருந்ததில்லை.

இதன் கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 1,300 மி.மீ. மழை விழுந்தால் 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகவும் சிதறலாகவும் போனாலும் 1,04,000 லிட்டர் மிஞ்சும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவின்படி, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது 190 நாட்களுக்குச் சற்று மேல் போதும். தனி வீட்டுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். ஒரே மாடியின் கீழ் பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் அடுக்ககத்தில் ஒவ்வொருவர் பங்கும் மிகச் சுருங்கிவிடும்.

எல்லா இடத்துக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது என்பதை அவசரத்தில் பலர் கவனிக்கவில்லை. பெசன்ட் நகர், மயிலாப்பூர் போன்ற மணல் நிலத்தில் சிறு கசிவுக்குழியே போதும். களிமண் நிலத்தில் அக்குழி நீரை உள்ளே விடாமல் தேங்க வைத்துக் கொசுவை வளர்க்கும். களிமண் அடுக்கைத் தாண்டி இறங்கும் கிணறு தேவை. கிண்டி, வேளச்சேரி போன்ற இடங்களில் அடியில் பாறை. எங்கே திறந்த கிணறு எஞ்சியிருந்ததோ, அங்கே மாடி நீரை வடிகட்டி அக்கிணற்றில் விடுவதே சிறந்த வழியாக அமைந்தது. கிணற்றை மூடாமல் வைத்திருந்த பழைய வீட்டுக்காரர்கள் இதில் பலன் பெற்றார்கள்.

அதிகாரிக்குக் காட்டுவதற்காக ஒரு குழாயை வளைத்து இரண்டடிப் பள்ளத்தில் விட்டு ஜல்லி போட்டு மூடியவர்களும் ஏராளம். ஆனாலும் 2005-இல் பெய்த பெருமழைக்குப் பிறகு நகரின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் நன்கு உயர்ந்தது. பல இடங்களில் நீரின் உப்புத்தன்மையும் குறைந்தது. மழைநீர் சேகரிப்பு நீரின் அளவைக் கூட்டியதோடு அதன் சுவையையும் திருத்தியதை மக்கள் நாக்கினாலேயே அறிந்தார்கள்.

2004-இல் புதிய வீராணம் திட்டத்தில் சுமார் 235 கி.மீ. தொலைவிலிருந்து நீர் வந்தது. 2010-இல் மீஞ்சூர் அருகிலும், 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் திறக்கப்பட்டன. நீர் வந்ததும் வீட்டு வடிகட்டிகள் மறக்கப்பட்டன. மணலில் தூசி படிந்து அடைத்தது. வண்டி நிறுத்தச் சிமெண்டு போட்டபோது குழிகள் மூடப்பட்டன.

2019-உம் அதன் பின்னும்

2019 ஜூனில் நான்கு ஏரிகளும் மீண்டும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தது. அந்நாட்களில் வீடுகளில் பிறந்த சிக்கன வழிகள் பல: பக்கெட்டில் குளித்தல், குழாய்களுக்கு நீர்த்தூவி முனை பொருத்துதல், துணி அலசிய நீரைக் கழிப்பறைக்கு வைத்தல். நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் வீணாக்கும் என்பதைப் பலர் அப்போதுதான் வாளி வைத்துப் பார்த்தார்கள்.

இக்காலத்தில் வீட்டு நீரில் புதிதாகச் சேர்ந்த சிக்கல் ஆர்.ஓ. எந்திரம். ஒரு லிட்டர் குடிநீர் தர இரண்டு மூன்று லிட்டரை அது வெளியே தள்ளுகிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள நீருக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. ஏரி நீர் வரும் பல வீடுகளுக்குக் காய்ச்சி ஆற வைத்தாலே போதும். எந்திரம் தவிர்க்க முடியாத இடங்களில் வெளியேறும் நீரைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் சேர்த்து வைக்கிறார்கள். செடிக்கு ஊற்றினால் நாளடைவில் மண்ணில் உப்பு தங்கிவிடும்.

2019-க்குப் பின் மூடிய கிணறுகளைத் தோண்டித் திறந்த வீடுகளும் உண்டு. இத்தகைய வீடுகளில் புரட்டாசி கடைசியில் மாடியைக் கூட்டிக் கழுவுகிறார்கள். வடிகட்டியின் ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறார்கள். ஐப்பசியின் முதல் மழையில் மாடியின் தூசியும் பறவை எச்சமும் கரைந்து வருவதால், அந்த நீரைத் தனிக் குழாய் வழியாக வெளியே விட்டுவிட்டு, இரண்டாம் மழையிலிருந்து கிணற்றுக்குத் திருப்புகிறார்கள்.