வைகை ஓடத் தொடங்கிய ஆண்டு

1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் மதுரைக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே புதியதொரு பகல்நேர விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. வைகை எக்ஸ்பிரஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஏறத்தாழ 490 கிலோமீட்டர் தொலைவை ஏழு மணி நேர அளவில் அது கடந்தது. இன்றைய இளைஞர்களுக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. அந்த வண்டி ஓடியது மீட்டர் பாதையில் என்பதை நினைவிற்கொண்டால்தான் அதன் அருமை விளங்கும்.

மீட்டர் பாதையின் வரலாறு சிக்கனத்தின் வரலாறு. 1870ஆம் ஆண்டளவில் வைசிராயாக இருந்த மேயோ பிரபு, 1676 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு ஆகும் செலவைக் கண்டு, பல பகுதிகளுக்கு 1000 மில்லிமீட்டர் பாதையே போதும் என்று முடிவு செய்தார். தமிழகத்தின் தென்பகுதிக்கு வாய்த்தது இந்தக் குறுகிய பாதைதான். சென்ட்ரலில் புறப்படுபவை ஒரு வகை வண்டிகள், எழும்பூரில் புறப்படுபவை வேறு வகை வண்டிகள் என்று தலைநகரிலேயே இரண்டு உலகங்கள் இருந்தன. வடக்கேயிருந்து வந்த சரக்கை வழியில் இறக்கி, மறுபடியும் ஏற்றித்தான் தெற்கே அனுப்ப முடிந்தது. சின்னப் பாதை, சின்ன வண்டி, மெதுவான பயணம் என்பது மக்கள் மனத்தில் ஊறிப்போன எண்ணம். அந்தப் பாதையில், டீசல் எஞ்சின் பூட்டிய வைகை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

இந்த வேகம் எஞ்சினிலிருந்து மட்டும் பிறந்ததன்று. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு வழிகள் உண்டு. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரிக் கரையூர்களைத் தொட்டுச் செல்வது பழைய முதன்மைப் பாதை. விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே செல்வது 1920களின் இறுதியில் வந்த கார்டு லைன். வைகை சென்றது இந்தக் குறுக்குப் பாதையில். இதே பாதையில்தான் 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்தப் பதவி விலகலை நாம் மேடைகளிலும் மறையுரைகளிலும் ஓயாமல் எடுத்துக்காட்டுகிறோம். பாலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விரைவு வண்டியின் வேகம் பாலத்தின் தூணிலும், தண்டவாளத்தின் அடியிலுள்ள கல்லிலும், மழையிலும் வெயிலிலும் பாதையை நடந்தே சோதிக்கும் தொழிலாளியின் கண்ணிலும் இருக்கிறது. அவரை நாம் வண்டிக்குள்ளிருந்து ஒரு கணம்தான் பார்க்கிறோம்.

வைகை பிறந்த ஆண்டு இந்திய இரயில்வேக்கு ஒரு திருப்புமுனை. மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிக்கப்பட்டிருந்தது. ஒழிந்தது பெயர் மட்டுமே. இரண்டாம் வகுப்பு என்று மறுபெயர் பெற்ற பெட்டிகளில் ஏழை மக்கள் வெறும் மரப்பலகையில்தான் இரவெல்லாம் கிடந்தார்கள். 1977 மார்ச்சில் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, அந்தப் பலகைகளுக்கு மெத்தை வைக்கும் வேலையைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அதில் முதல் வகுப்பே கிடையாது. எல்லோருக்கும் ஒரே வகுப்பு. விரைவாகச் செல்வதற்குச் செல்வராக இருக்கத் தேவையில்லை என்று ஓர் அரசு செயலால் சொன்ன காலம் அது. வைகையின் பெட்டிகளிலும் பெரும்பாலானவை இரண்டாம் வகுப்பு இருக்கைப் பெட்டிகளே.

பகல் வண்டியின் பொருளாதாரம் எளியது. இன்றைய அகலப் பாதையின் பழைய வகைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். படுக்கை வசதி வைத்தால் 72 பேருக்கு இடம். இருக்கைகள் மட்டும் வைத்தால் 108 பேருக்கு இடம். ஆகவே பகலில் உட்கார்ந்து செல்பவர் குறைந்த கட்டணத்தில் செல்லலாம். 1984இல் திருச்சிக்கும் சென்னைக்கும் பல்லவன் வந்தபின் இன்னொரு சிக்கனமும் கைகூடியது. வைகையாக எழும்பூர் வந்து சேர்ந்த பெட்டிகளே பிற்பகலில் பல்லவனாகத் திரும்பின. காலையில் பல்லவனாக வந்தவை வைகையாக மதுரை சென்றன. பல்லாண்டுகள் நீடித்த ஏற்பாடு இது. மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கும் சென்றுவந்த எங்கள் பங்கு மக்களில் எத்தனையோ பேர் இந்த ஏற்பாட்டின் பயனை, அதைப் பற்றி அறியாமலேயே பெற்றிருக்கிறார்கள்.

இந்த வேகத்திற்கு விலையும் உண்டு. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் விரைவு வண்டி வருகிறதென்றால் பயணிகள் வண்டி சிறுநிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். காய்கறிக் கூடையோடு அதில் அமர்ந்திருப்பவரின் அரைமணி நேரத்தைக் கடன் வாங்கித்தான் வைகை விரைந்தது. சிற்றூர்க்காரருக்கு அந்த வண்டி புழுதியும் ஓசையுமாகக் கடந்துபோன ஒரு காட்சி.

1990களின் இறுதியில் அகலப் பாதை வந்தது. வைகையின் பயண நேரம் அதனால் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. 2019 மார்ச் 1ஆம் நாள் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே தேஜஸ் ஓடத் தொடங்கியபோது, பயண நேரம் ஆறரை மணி என்று அறிவித்தார்கள். கணக்குப் பார்த்தால், நாற்பத்திரண்டு ஆண்டுகளில் நாம் மிச்சப்படுத்தியது ஏறத்தாழ அரைமணி நேரம்! வசதியில் வந்த மாற்றமோ மிகப் பெரிது. தேஜஸ் முழுவதும் குளிர்சாதன இருக்கைகள் கொண்டது. 1988இல் நேரு நூற்றாண்டையொட்டி வந்த சதாப்தி தொடங்கிவைத்த வழி அது. 2023 செப்டம்பர் 24 முதல் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஓடும் வந்தே பாரத்தும் அவ்வழியே செல்கிறது. அது நம் பெரம்பூர்த் தொழிற்சாலை உருவாக்கிய வகை வண்டி என்பதில் எனக்கும் பெருமை உண்டு. அதில் சாதாரண இரண்டாம் வகுப்பு இருக்கை ஒன்றுகூட இல்லை என்பதையும் மறைக்க முடியவில்லை. 1977இல் வேகம் கீழ் வகுப்பிலிருந்து பகிரப்பட்டது; இப்போது மேல் வகுப்பிலேயே அது நின்றுவிடுகிறது.

அடித்தட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் வண்டிகள் நின்றன. அவை மீண்டும் ஓடியபோது, அதே பாதையில், அதே நிலையங்களில் நின்றபடியே விரைவு வண்டிகள் என்று பெயர் மாறியிருந்தன. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆயிற்று. வேகம் கூடாமலேயே வேகத்தின் விலையை நாள்தோறும் கொடுத்தவர்கள் சந்தைக்கும் கூலிக்கும் போகிறவர்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய பத்து ரூபாய் திரும்பிவந்தது. இவற்றுக்கிடையே வைகை இன்றும் காலையில் மதுரையை விட்டுப் புறப்படுகிறது, முன்பதிவில்லாப் பெட்டிகளையும் உடன் இழுத்துக்கொண்டு.