கெர்சி நாட்டுப்புற நடைவழிகள்

பிரான்சின் தென்மேற்கில், தூலூஸ் நகரத்துக்கு வடக்கே உள்ள பழைய நாட்டுப்பகுதி கெர்சி எனப்படும். 1790இல் புரட்சி அரசு நாட்டை மாவட்டங்களாகப் பிரித்தபோது இப்பகுதி ஏறத்தாழ முழுவதும் லோட் மாவட்டமாயிற்று. 1808இல் நெப்போலியன் அதன் தென்பகுதியைப் பிரித்து, தார்ன்-கரோன் என்ற புதிய மாவட்டத்தில் சேர்த்தார். லோட் என்பது இப்பகுதியின் ஊடாக வளைந்து வளைந்து ஓடும் ஆற்றின் பெயர்.

மலையேற்றம் என்று சொல்லத்தக்க உயரம் இங்கே இல்லை. 'கோஸ்' எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கின்றன. பயிற்சியில்லாதவரும் முதியவரும் சிறுவரும் நடக்கக்கூடிய பாதைகள் இவை. இதனால் ஆண்டுதோறும் பலர் இங்கு நடப்பதற்கென்றே வருகின்றனர். ஆனால் இப்பாதைகளில் மிகப் பெரும்பாலானவை உலாவுவதற்காக உண்டாக்கப்பட்டவை அல்ல. அவற்றைப் போட்டவர்கள் உழவர்களும் ஆட்டிடையர்களும் படகோட்டிகளும் ஆவர். அவர்களுடைய வேலை மறைந்த பிறகு பாதைகள் எப்படிப் பிழைத்தன என்பதே இவற்றின் வரலாறு.

தண்ணீரைத் தேடிய பாதைகள்

சுண்ணாம்புப் பாறை மழைநீரைத் தன்மேல் தங்கவிடுவதில்லை. நீர் வெடிப்புகள் வழியாக இறங்கி நிலத்தடி ஆறுகளாக ஓடுகிறது. 1889இல் எதுவார்-அல்ஃபிரே மார்த்தேல் இறங்கி ஆராய்ந்த பதிராக் பாதாளக் குழியின் அடியில் அத்தகைய ஆறு ஒன்றைக் காணலாம். மேலே வாழ்ந்த மக்களுக்கோ குடிநீரே பெரும்பாடு. எனவே கோஸ் நிலத்தின் பழைய பாதைகளைப் பின்தொடர்ந்தால் அவை ஊற்றுக்கோ, குட்டைக்கோ, துணி துவைக்கும் கல்தொட்டிக்கோ கொண்டுபோய் விடும். கிராமா மேட்டுநிலத்தில் பாறையில் குடைந்த சிறு நீர்த்தொட்டிகள் பல உள்ளன. சார்லமேன் பேரரசரின் படைவீரனாக இருந்து துறவியான புனித நாம்ஃபேஸ் என்பவர் அவற்றை வெட்டினார் என்பது ஊர்க்கதை.

பாதையின் இருபுறமும் சாந்தில்லாமல் அடுக்கிய தாழ்வான கற்சுவர்கள் நெடுகச் செல்லும். இவற்றை எல்லைச்சுவர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. உழுவதற்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்காவது போட வேண்டும். அதையே சுவராக அடுக்கினால் ஆடுகள் பயிரில் இறங்காமலும் தடுக்கலாம். எஞ்சிய கல்லில் வட்டமான சிறு குடில்கள் எழுந்தன. 'கசெல்', 'கரியோத்' என்று அழைக்கப்படும் இக்குடில்களில் இடையர் மழைக்கு ஒதுங்கினர். உழவர் கருவிகளை வைத்தனர். கூரையும் கல்லே; ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீண்டு, உச்சியில் கூடி மூடிக்கொள்ளும். சாந்தின்றிக் கல் அடுக்கும் இக்கலையைப் பிரான்சு உள்ளிட்ட எட்டு நாடுகளின் மரபாக யுனெஸ்கோ 2018இல் பட்டியலில் சேர்த்தது.

ஆற்றோரப் பாதையின் கதை வேறு. காஓர் நகரின் கருஞ்சிவப்புத் திராட்சை மது லோட் ஆற்றின் வழியே படகில் போர்தோ துறைமுகத்துக்குச் சென்றது. போகும்போது நீரோட்டம் உதவும். திரும்பும்போது ஆட்களும் மாடுகளும் குதிரைகளும் கரையில் நின்று கயிறு கட்டி இழுக்க வேண்டும். பூசியேஸ், சான்-சிர்க்-லபொப்பி ஆகிய ஊர்களுக்கிடையே செங்குத்தான பாறை ஆற்றுநீர் வரை இறங்கியதால் கால் வைக்க இடமில்லை. 1840களில் அப்பாறையின் அடிப்பகுதியைக் குடைந்து இழுபாதை அமைத்தனர். மேலே பாறை கூரை போல் கவிந்திருக்க, ஒரு பக்கம் ஆறு ஓட, நடப்பவர் பாறைக்குள்ளேயே செல்வது போன்ற தோற்றம். இவ்வளவு பாடுபட்டுக் குடைந்த பாதைக்கு வேலை நீடிக்கவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் இரயில் வந்து படகுத்தொழிலை முடித்துவிட்டது.

ஊர்கள் வெறிச்சோடிய காலம்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் லோட் மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். நூறாண்டு கழித்து அத்தொகை பாதியாகக் குறைந்துவிட்டது. 1870களில் ஃபில்லொக்செரா என்னும் வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு பரவித் திராட்சைத் தோட்டங்களை அழித்தது பெருங்காரணம். வாழ வழியின்றிப் பலர் நகரங்களுக்குச் சென்றனர். சிலர், கைவிட்ட தோட்டங்களில் ஓக் மரங்களை நட்டு, அவற்றின் வேரடியில் விளையும் ட்ரஃபிள் என்னும் விலையுயர்ந்த காளானை நம்பிப் பிழைத்தனர். பிறகு வந்த முதல் உலகப்போர் இளைஞர்களை வாரிக்கொண்டு போயிற்று. மிகச் சிறிய ஊரிலும் நிற்கும் போர்நினைவுத் தூணில் பெயர்கள் நீண்டிருப்பதை இன்றும் காணலாம்.

ஆள் நடமாட்டம் நின்ற பாதை விரைவில் காடாகும். முதலில் முட்செடி, பிறகு ஜூனிப்பர் புதர், பின்னர் ஓக் கன்று. சுவர் சரிந்து கற்கள் பாதையில் விழுந்தால் எடுத்து வைக்க ஆளில்லை. பிரான்சின் சமவெளிகளில் பாதைகள் வேறு விதமாக அழிந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சிறுசிறு துண்டு நிலங்களை ஒன்றாக்கி டிராக்டருக்கு ஏற்ற பெருவயல்களாக மாற்றியபோது வேலிகளும் வண்டிப்பாதைகளும் உழவுக்குள் மறைந்தன. கெர்சியின் கல்நிலத்துக்கு அந்த டிராக்டர் பெரிதாக வரவில்லை. வளமின்மையே இங்குப் பல பாதைகளைக் காப்பாற்றிற்று எனலாம்.

சட்டத்தில் பாதை

பிரான்சில் ஊர்ப்பாதைகளுக்கு 1881ஆம் ஆண்டுச் சட்டம் தனி வரையறை தந்தது. 1959 சனவரி 7ஆம் நாள் அரசாணை நிலைமையை மாற்றியது. ஊராட்சி பொறுப்பேற்றுப் பராமரிக்கும் சாலைகள் ஒரு வகையாகவும், அப்பட்டியலில் சேராத ஊர்ப்பாதைகள் மற்றொரு வகையாகவும் பிரிந்தன. பின்னவை பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியவையே. ஆயினும் ஊராட்சியின் தனிச்சொத்தாகக் கருதப்படுபவை. இச்சொல் சிறியது, விளைவு பெரிது. பொதுப்பயன் நின்றுபோன பாதையை ஊராட்சி விற்கலாம். பக்கத்து நிலக்காரர் அதைத் தம் நிலத்தோடு சேர்த்து 30 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தால் உரிமையும் கோரலாம். யாரும் நடக்கவில்லை என்பதே பாதைக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மக்கள் நடந்து வருகிறார்கள் என்பது அப்பாதை பொதுப்பயனில் இருப்பதற்குச் சான்று. நடைப்பயணிகளின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

வண்ணக் குறிகள்

பாதைக்கு அடையாளக் குறியிடும் வழக்கத்தைப் பிரான்சில் தொடங்கியவர் குளோது-ஃபிரான்சுவா தெனெகூர். நெப்போலியனின் படையில் பணியாற்றிய அவர் 1842 முதல் பாரிசுக்குத் தெற்கேயுள்ள ஃபோந்தேன்புளோ காட்டில் நீல நிறக் குறிகள் இட்டு, பொதுமக்கள் வழிதவறாமல் நடக்கச் செய்தார். 1936இல் தொழிலாளருக்கு இரு வாரச் சம்பள விடுமுறை சட்டமான பிறகு, நடந்து நாட்டைக் காணும் ஆவல் எளிய மக்களிடமும் பரவிற்று. போர் முடிந்ததும் 1947இல், ழான் லுவாசோ முதலியோர் முயற்சியால் நெடுந்தூர நடைவழிகளுக்கான தேசியக் குழு அமைந்தது. வெள்ளைக் கோடும் அதன் கீழ் சிவப்புக் கோடும் இக்குழு இட்ட நெடுவழிக் குறி. அவ்வாண்டிலேயே ஓர்லியான் அருகே லுவார் ஆற்றோரம் முதல் பகுதி குறியிடப்பட்டது. 1978இல் இக்குழு பிரெஞ்சு நடைப்பயணக் கூட்டமைப்பாக மாறியது. இன்று நாடெங்கும் குறியிட்ட வழிகள் 1,80,000 கிலோமீட்டருக்கும் மேல். குறியிடுபவர்களில் பெரும்பாலானோர் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

கெர்சிக்கு நெடுவழி பெரிய அளவில் வந்தது 1970களில். லெ புய் நகரின் பிஷப் கோதெஸ்கால்க் 950ஆம் ஆண்டில் ஸ்பெயினின் சாந்தியாகோ திருத்தலத்துக்குப் பயணம் சென்றார். அத்திருத்தலத்துக்கு லெ புய் நகரிலிருந்து செல்லும் வழியை ஒட்டி ஜி.ஆர். 65 என்னும் நெடுவழி குறியிடப்பட்டது. ஃபிஜாக், கஜார்க், காஓர் வழியாக அது செல்கிறது. இடைக்கால யாத்திரிகர் ஒவ்வொருவரும் இதே தடத்தில்தான் நடந்தனர் என்று கொள்வது பிழை. கிடைத்த பாதையில், பாலம் இருந்த இடத்தில், தங்க இடம் தந்த ஊர் வழியே சென்றிருப்பர். 1998இல் யுனெஸ்கோ பிரான்சின் யாத்திரை வழிகளை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது இவ்வழியின் ஏழு பகுதிகளையும் சேர்த்தது. அவற்றில் மூன்று லோட் மாவட்டத்தில் உள்ளன. காஓரின் 14ஆம் நூற்றாண்டு வலாந்த்ரே பாலமும் அப்பட்டியலில் உண்டு.

எனினும் உள்ளூர் மக்களுக்கு நெடுவழியைவிட மஞ்சள் கோட்டுச் சிறுவழிகளே நெருக்கமானவை. சில மணி நேரத்தில் சுற்றிவந்து புறப்பட்ட ஊரிலேயே முடியும் வட்டப்பாதைகள் இவை. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்த குறி, ஒரு வட்டாரத்தைப் பல நாளில் சுற்றும் வழியைக் காட்டும். எந்த நிறமாயினும் பெருக்கல் குறி போல் இட்டிருந்தால் அது தவறான திசை.

1983 சூலை 22ஆம் நாள் சட்டம் நடைவழித் திட்டம் வகுக்கும் பொறுப்பை மாவட்ட மன்றங்களுக்குத் தந்தது. ஊராட்சி ஒப்புதலோடு ஒரு பாதை அத்திட்டத்தில் பதிவானால், அதை விற்க விரும்பும் ஊராட்சி நடப்பதற்கு ஏற்ற மாற்றுப்பாதையைக் காட்டியாக வேண்டும். சுவரில் காணும் மஞ்சள் கோடு வழிகாட்டிக் குறியே ஆனாலும், அது தாங்கி நிற்கும் பதிவு வலிமையானது. 1999இல் அமைந்த கெர்சி கோஸ் வட்டார இயற்கைப் பூங்காவும் பாதைகளையும் கற்சுவர்களையும் தன் பணிகளில் சேர்த்துக்கொண்டது.

சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. திட்டத்தில் பதிவாகாத ஊர்ப்பாதைகள் ஏராளம். பல ஊராட்சிகளில் தங்கள் பாதைகளின் முழுப் பட்டியலே இல்லை. நெப்போலியன் காலத்தில் தொடங்கிய நிலவரைபடங்களைப் புதிய படத்தோடு ஒப்பிட்டு, காணாமற்போனவற்றைத் தேட வேண்டியுள்ளது. 2022 பிப்ரவரி 21ஆம் நாள் சட்டம் இதற்கு வழி செய்தது: பாதைகளைக் கணக்கெடுக்க ஓர் ஊராட்சி தீர்மானித்தால், 30 ஆண்டு அனுபவ உரிமைக்கான காலக்கணக்கு இரண்டாண்டு வரை நிறுத்திவைக்கப்படும். அந்த இடைவெளிக்குள் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புதரை வெட்டி, சரிந்த சுவர்களுக்கிடையே பாதை எங்கே போயிற்று என்று கண்டுபிடித்தாக வேண்டும்.