கூப்பன் புத்தகத்திலிருந்து கியூஆர் வரை

உறவுகளே, 2022 பெற்றோல் வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வரிசையைக் கலைத்த கியூஆர் முறையின் கதையைச் சொல்வதென்றால் 80 வருடம் பின்னால் போக வேண்டும்.

1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் நமக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அரசாங்கம் அரிசியைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. அப்படி வந்ததுதான் கூப்பன். பேனாவும் பேரேடும்தான் அன்றைய கணினி. யுத்தம் முடிந்தும் கூப்பன் போகவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979இல் உணவு முத்திரை வரும்வரை கூப்பன் நிலைத்தது.

கார் உதிரிப்பாகங்களை எண்ணுவதற்காக 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கியதுதான் கியூஆர். 2022 ஜூலையில் அதுவே நமது எரிபொருள் கூப்பனானது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி நம்பர் கொடுத்தால் போதும். ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் கடதாசியில் அச்சடித்துக் காட்டினார்கள். வரிசை குறைந்தது உண்மை. 2023 செப்டெம்பர் 1 முதல் கட்டுப்பாடு நீங்கியது.

இது இவ்வளவு வேகமாக நடந்ததற்குக் காரணம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் வாகனப் பட்டியல் ஏற்கெனவே இருந்ததுதான். கணினி அந்தப் பட்டியலைப் பெற்றோல் செட்டுக்குக் கொண்டுவந்தது.

உடப்புக் கரையில் நின்று பார்த்தால் மறுபக்கம் தெரியும். எஞ்சின் போட்டுக்குச் செசி நம்பர் கிடையாது. அதன் பதிவு கடற்றொழில் திணைக்களத்தில் இருக்கிறது. வாகனங்களுக்காகக் கட்டிய பட்டியலில் வள்ளத்துக்கு இடமில்லை. அதோடு, அதே ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அந்த எண்ணெயை நம்பிக் கடலுக்குப் போகிறவனுக்கு எந்தச் செயலியும் உதவவில்லை.

வித்தியாசம் இங்கேதான். அரிசிக் கூப்பன் ஆட்களை எண்ணியது, கியூஆர் வாகனங்களை எண்ணியது. கூப்பன் அளவோடு விலையையும் உறுதி செய்தது. அதனால்தான் விலை கூடியபோது சனம் அதைத் தன் உரிமை பறிபோனதாக எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. கியூஆர் அளவை மட்டும் சொன்னது, விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

இனி எந்த அலுவலகமாவது "எல்லாவற்றையும் ஒன்லைன் ஆக்கிவிட்டோம்" என்றால் இரண்டு கேள்வி கேட்போம். உங்கள் பட்டியலில் இல்லாதவர் யார்? பட்டியலில் இருப்பவருக்கு நீங்கள் தரும் உறுதி என்ன?

யாருடைய வீட்டிலாவது பழைய கூப்பன் புத்தகம் இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.