தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள இருப்புப்பாதையில் ஓடும் புறநகர் வண்டிகளின் வரலாறு, தென்னிந்திய ரயில்வே கம்பெனி அப்பாதையை மின்மயமாக்கிய 1931-இல் தொடங்குகிறது. பம்பாயில் 1925-இலேயே மின்சார வண்டி ஓடிவிட்டது. ஆனால் மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரம் புகுந்தது இந்தியாவில் இங்கேதான் முதன்முறை.

நிலையங்கள் நெருக்கமாக இருக்கும் தடத்துக்கு நீராவி எஞ்சின் பொருந்தவில்லை. அது வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முனையிலும் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுவந்து மாட்ட வேண்டும். மின்தொடர் வண்டியில் மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருந்தன; இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருந்தது. தாம்பரம் வந்ததும் ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போனால் போதும், வண்டி திரும்பத் தயார்.

முதல் வண்டிகள் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடின. அதே தடத்துச் சரக்கு வேலைக்கு வந்த மின்எஞ்சின்களுடன் மின்கலங்கள் நிரம்பிய தனி வண்டி ஒன்றையும் இணைக்க முடிந்தது. மேலே மின்கம்பி இல்லாத கிளைப்பாதைகளுக்குள் நுழைய அது உதவியது. கம்பிக்குக் கட்டுப்படாத மின்எஞ்சின் என்பது அக்காலத்துக்குத் துணிச்சலான யோசனைதான்.

1960-களில் விழுப்புரம் வரை 25,000 வோல்ட் மாறுமின்சாரம் போடப்பட்டது. புறநகர்த் தடமும் அதற்கு மாறியது. உயர் அழுத்தம் என்பதால் துணைமின் நிலையங்களைத் தள்ளித்தள்ளி அமைக்கலாம். ஆனால் அந்த மின்சாரத்தை மோட்டார் நேரடியாக ஏற்காது. ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியும் நேர்மின்சாரமாக்கும் திருத்தியும் வண்டியிலேயே ஏறின. பழைய வண்டிகள் விலகி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். கட்டிய மீட்டர் கேஜ் வண்டிகள் வந்தன. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகியவை ஊர்களாக இருந்து புறநகர்களாக மாறிய காலத்தைச் சுமந்தவை இவையே.

மீட்டர் கேஜில் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மி.மீ.; அகலப்பாதையில் 1,676. 1990-களில் பக்கத்திலேயே அகலப்பாதை போடப்பட்டதால் சில ஆண்டுகள் சிறிய வண்டியும் பெரிய வண்டியும் அருகருகே ஓடின. கடைசி மீட்டர் கேஜ் புறநகர் வண்டி 2004 ஜூலை 1 அன்று ஓடி முடித்தது. புதிய பெட்டியின் அகலம் 3.66 மீட்டர். மூவருக்கான இருக்கையில் நான்காமவர் ஓரத்தில் ஒட்டிக்கொள்வது மட்டும் பழையபடியே தொடர்ந்தது. ஒன்பது பெட்டித் தொடர்கள் படிப்படியாகப் பன்னிரண்டாக நீண்டன.

கூட்டம் அதற்கும் அடங்கவில்லை. திறந்த வாசல் காற்றுக்கு வசதி, உயிருக்கு ஆபத்து. 2018 ஜூலையில் பரங்கிமலையில் படியில் தொங்கி வந்தவர்கள் சுவரில் மோதி உயிரிழந்தனர்.

தானே மூடித் திறக்கும் கதவுகளுடன் ஐ.சி.எஃப். தயாரித்த குளிர்சாதன மின்தொடர் வண்டி 2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டுத் தடத்தில் ஓடத் தொடங்கியது. இதுவும் பன்னிரண்டு பெட்டி கொண்டதே. அறிமுகமானபோது இதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். அப்போது சாதாரண வண்டியில் இரண்டாம் வகுப்புக்கு 5 ரூபாய்.