பனியில் சூடேறி நின்ற வண்டி

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து உங்கள் வாத்தியார். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து பேரன் வீடியோவில் பேசினான். நண்பர்களோடு மூன்று நாள் ஸ்னோமொபைலில் சுற்றிவிட்டு வந்திருக்கிறான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, மோட்டார் சைக்கிள் போல் உட்கார்ந்து ஓட்டும் வண்டி. முதல் நாள் பாதை நெய்வேலி டவுன்ஷிப் ரோடு மாதிரி வழவழவென்று இருந்ததாம். இரண்டாம் நாள் பனி உருகி மறுபடி உறைந்து வெறும் ஐஸ் பாளம். "அங்கதான் தாத்தா, வண்டி சூடாகி நின்னுடுச்சு" என்றான்.

மைனஸ் குளிரில் இன்ஜின் சூடாகுமா? சிரித்துவிட்டேன். அவன்தான் விளக்கினான். பட்டை வாரி இறைக்கும் பொடிப்பனி பட்டுத்தான் இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் குளிர வேண்டும். கெட்டி ஐஸில் வாரி இறைக்க ஒன்றுமில்லை. நம் டிராக்டர் சேற்றுக்கு ஒரு சக்கரம், ரோட்டுக்கு ஒரு சக்கரம் கேட்பது போலத்தான்.

போனை வைத்த பிறகு மனம் உறுத்தியது. ஐந்தாம் வகுப்பில் உங்களுக்குத் தென்துருவப் பாடம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? "நாய்களை நம்பிய ஆமுண்ட்சென் ஜெயித்தார், இயந்திரத்தை நம்பிய ஸ்காட் தோற்றார்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு உங்களையும் எழுத வைத்தேன். அது பாதிக் கதை.

ஸ்காட் இயந்திரத்தை மட்டும் நம்பவில்லை. குதிரை, நாய், மோட்டார், கடைசியில் மனிதத் தோள் என்று எல்லாவற்றையும் வைத்திருந்தார். மோட்டார் சறுக்கு வண்டிகள் மூன்று. சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டை. சுரங்கத்தில் மண் வெட்டும் நம் ராட்சத இயந்திரம் ஊர்ந்து போகிறதே, அந்தக் கிராலர் ஜாதிதான். 1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போதே ஒரு வண்டி கடல் ஐஸை உடைத்துக்கொண்டு மூழ்கிப்போனது. மற்ற இரண்டும் அக்டோபர் 24 அன்று சுமையோடு கிளம்பின. காற்றால் குளிரும் இன்ஜின், பின் சிலிண்டர்கள் கொதிக்கும். சூடு ஆறட்டும் என்று நிறுத்தினால் அதற்குள் கார்புரேட்டர் விறைத்துவிடும், கிளம்பாது. நவம்பர் முதல் தேதிக்குள் சுமார் 80 கிலோமீட்டரில் இரண்டுமே படுத்துவிட்டன. கூடப் போன நால்வரும் சுமையைத் தாங்களே இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

நான் சொல்லாமல் விட்டது இனிமேல்தான். அந்த வண்டியை உருவாக்குவதில் முக்கியப் பங்கு ரெஜினால்ட் ஸ்கெல்டன் என்ற கடற்படைப் பொறியாளருக்கு. ஸ்காட்டின் முதல் பயணத்தில் கப்பல் பொறியாளராக இருந்தவர். 1910இல் நார்வே பனியில் வண்டியைச் சோதித்தபோதும் உடனிருந்தவர். ஆனால் பயணத்தில் அவர் இல்லை. துணைத் தலைவர் எட்வர்ட் எவன்ஸ் லெப்டினன்ட். ஸ்கெல்டன் பதவியில் அவருக்கு மேலே. தன்னைவிடப் பெரிய பதவிக்காரர் தன் கீழ் வரக்கூடாது என்று எவன்ஸ் மறுக்க, ஸ்காட் ஒத்துக்கொண்டார். பெர்னார்ட் டே என்ற நல்ல மெக்கானிக் போனார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் வண்டி நின்ற இடத்தில் அதன் வயிறு தெரிந்தவர் இல்லை. ஸ்கெல்டன் போயிருந்தால் துருவம் வரை ஓடியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தராதரம் பார்த்து ஆளை ஒதுக்குவது எனக்குப் புதிதல்ல. டிப்ளமோ வாத்தியார் என்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவன் நான்.

ஆமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று துருவத்தை எட்டினார். ஸ்காட் குழு ஐந்து பேர் 1912 ஜனவரி 17 அன்று போய்ச் சேர்ந்தார்கள். திரும்பும் வழியில் ஐவரும் இறந்தார்கள். கடைசிவரை அவர்கள் கைவிடாமல் இழுத்து வந்த சுமார் 16 கிலோ கற்களில் குளோசாப்டெரிஸ் என்ற மரத்தின் இலைப்பதிவு இருந்தது. ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிப் பாறைகளில் கிடைக்கும் அதே இலை. (நம்ம ஊர் பழுப்பு நிலக்கரி வயதில் மிகவும் இளையது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, நம்மவர்கள்? 2010 நவம்பர் 13 அன்று மைத்ரி நிலையத்திலிருந்து எட்டு இந்தியர்கள் கிளம்பினார்கள். தலைவர் ரசிக் ரவீந்திரா, நிலவியல் அறிஞர், அப்போது கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையத்தின் இயக்குநர். இவர்கள் போனது ஸ்னோமொபைலில் அல்ல, பருத்த டயர் மாட்டிய வண்டிகளில். ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று பனிக்கென்றே மாற்றியமைத்தவை. பொடிப்பனியில் காற்றைக் கிட்டத்தட்ட முழுக்க இறக்கிவிட்டால் டயர் அகலமாகப் படுத்து, புதையாமல் போகும். ஆற்று மணலில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த வித்தை தெரியும்.

ஒரே பயணத்தில் எத்தனை விதப் பாதை! முதலில் மேட்டில் ஏற வேண்டும், அங்கே பனிப்பிளவுகள் உண்டு. மேலே போனால் காற்று செதுக்கிய கெட்டிப் பனி வரப்புகள். சஸ்த்ருகி என்பார்கள். உழுது காய்ந்த வயலின் குறுக்கே ஓட்டுவது மாதிரி, வண்டி குலுங்கிக் குலுங்கித்தான் நகரும். சுமார் 2,300 கிலோமீட்டர். வழியில் ஆய்வு வேலையும் பார்த்துக்கொண்டு, நவம்பர் 22 அன்று துருவத்தில் இருந்தார்கள்.

ஸ்கெல்டன் பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கே தலைமைப் பொறியாளர் ஆனார்.

ஐந்தாம் வகுப்பு நோட்டை இன்னும் வைத்திருப்பவர்கள் அந்த வரியை அடித்துவிடுங்கள். கிராலர் பிரிவில் வேலை பார்த்த என் மாணவர்களே, இன்ஜின் விஷயத்தில் நான் தப்பாக எழுதியிருந்தால் கீழே திருத்துங்கள்.